மின்னஞ்சல் எண்ணிமக் கையொப்ப எச்சரிக்கைகள்

மின்னஞ்சல் எண்ணிமக் கையொப்ப எச்சரிக்கைகள் என்பவை, எண்ணிமக் கையொப்பம் இடப்பட்ட அல்லது மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு மின்னஞ்சலைத் திறக்கும்போது மின்னஞ்சல் செயலி காட்டும் பாதுகாப்பு அறிவிப்புகள் ஆகும். அஞ்சல் வழியில் மாற்றப்பட்டுள்ளது, அனுப்பியவரின் சான்றிதழை நம்ப முடியவில்லை, சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, அஞ்சலைத் திறக்கத் திறவுகோல் இல்லை என இவை பல வகைப்படும். இவற்றுள் பல தீங்கற்ற காரணங்களால் தோன்றுபவை. சில மோசடியைக் குறிப்பவை. ஆனால் இரண்டும் திரையில் ஏறத்தாழ ஒரே உருவில்தான் வருகின்றன. எல்லாவற்றுக்கும் அஞ்சுபவர் தேவையான அஞ்சலை இழக்கிறார். எல்லாவற்றையும் மூடிவிட்டுச் செல்பவர் ஒருநாள் ஏமாறுகிறார். எனவே ஒவ்வோர் எச்சரிக்கையும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறிவது தேவையாகிறது.

செயற்படும் முறை

மறையாக்கம், எண்ணிமக் கையொப்பம் ஆகிய இரண்டும் பொதுத் திறவுகோல் முறையை அடிப்படையாகக் கொண்டவை. விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் 1976இல் இம்முறையை வெளியிட்டனர். ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகியோரின் ஆர்எஸ்ஏ வழிமுறை 1977இல் உருவானது. இம்முறையில் ஒவ்வொருவருக்கும் ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டு திறவுகோல்கள் உண்டு. பொதுத் திறவுகோலை எவருக்கும் கொடுக்கலாம். தனித் திறவுகோலை உரியவர் மட்டுமே வைத்திருக்க வேண்டும்.

மறையாக்கத்தைத் தெருவோரத் தபால் பெட்டிக்கு ஒப்பிடலாம். கடிதத்தை உள்ளே போட எவராலும் முடியும். பெட்டியைத் திறந்து எடுக்கச் சாவி உள்ளவரால் மட்டுமே முடியும். அதுபோலப் பெறுநரின் பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் அஞ்சலை மறையாக்கலாம். அதைப் பெறுநரின் தனித் திறவுகோல் மட்டுமே திறக்கும்.

எண்ணிமக் கையொப்பம் அரக்கு முத்திரையைப் போன்றது. செய்தியின் ஒவ்வோர் எழுத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஹாஷ் எனப்படும் சுருக்கெண் ஒன்றை அனுப்புநரின் செயலி கணக்கிடுகிறது. அச்சுருக்கெண்ணின் மீது அனுப்புநரின் தனித் திறவுகோலால் கையொப்பம் இடப்படுகிறது. பெறுநரின் செயலி, வந்து சேர்ந்த செய்தியிலிருந்து அதே சுருக்கெண்ணை மீண்டும் கணக்கிட்டு, அனுப்புநரின் பொதுத் திறவுகோலின் துணையுடன் ஒப்பிடுகிறது. ஓர் இடைவெளி கூடியிருந்தாலும் ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் இரண்டும் பொருந்தா.

குறிப்பிட்ட பொதுத் திறவுகோல் குறிப்பிட்ட ஆளுக்கே உரியது என்று எப்படி அறிவது? இதற்கு இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. எஸ்/மைம் முறையில், சான்றிதழ் வழங்கும் ஆணையம் ஒன்று எக்ஸ்.509 வடிவிலான சான்றிதழின் வழியே அதை உறுதிசெய்கிறது. அலுவலகங்களும் நிறுவனங்களும் பெரும்பாலும் இதைப் பயன்படுத்துகின்றன. பில் சிம்மர்மன் 1991இல் வெளியிட்ட பிஜிபி மென்பொருளிலிருந்து வளர்ந்த ஓபன்பிஜிபி முறையில், பயனரே திறவுகோலைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்கிறார். இதழாளர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் இதை விரும்புகின்றனர். இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று ஒத்திசையா. ஒன்றில் கையொப்பமிட்டதை மற்றொன்றில் சரிபார்க்க இயலாது.

கையொப்பமிட்ட அஞ்சல் வந்ததும் செயலி மூன்று கேள்விகளைக் கேட்கிறது. செய்தி மாறாமல் வந்ததா? கையொப்பம் யாருடையது? அதற்குச் சான்றளித்த சான்றிதழ் செல்லுபடியாகிறதா? மறையாக்கப்பட்ட அஞ்சலாயின், திறக்கும் சாவி இந்தக் கணினியில் உள்ளதா என்பது நான்காவது கேள்வி. எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லையோ அதற்கேற்ற எச்சரிக்கை தோன்றுகிறது.

எச்சரிக்கைகளும் காரணங்களும்

செய்தி மாற்றப்பட்டுள்ளது

இது முதல் கேள்வி தோற்றதைக் குறிக்கிறது. கையொப்பம் இட்ட பிறகு செய்தியில் ஏதோ மாறியுள்ளது என்பதே இதன் பொருள். எவரேனும் வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம். ஆனால் அஞ்சல் கடந்துவரும் வழங்கிகளும் இதைச் செய்வதுண்டு. "இது வெளியிலிருந்து வந்த அஞ்சல்" என்ற எச்சரிக்கை வரியை மேலே சேர்க்கும் அலுவலக வழங்கி, அடியில் சட்டக் குறிப்பை ஒட்டும் வழங்கி, "வைரஸ் இல்லை" என்று எழுதிச் செல்லும் வைரஸ் தடுப்பு மென்பொருள், குழு முகவரியை அடிக்குறிப்பாக இணைக்கும் மடலாடற்குழு மென்பொருள் ஆகியவை கையொப்பத்தை முறிக்கக்கூடியவை.

தமிழ் அஞ்சல்களில் இன்னொரு காரணமும் உண்டு. யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. இவற்றை அப்படியே அனுப்பினால் வழியிலுள்ள ஒரு வழங்கி வேறு வடிவுக்கு மாற்றிவிடக்கூடும். அதனால் கையொப்பமிடும் முன்பே பேஸ்64 போன்ற ஏழு பிட்டு வடிவுக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. எஸ்/மைம், பிஜிபி/மைம் செயலிகள் இதைத் தாமே செய்கின்றன. செய்தியின் உடலிலேயே கையொப்பத்தை எழுத்துகளாக ஒட்டும் பழைய பிஜிபி முறையில்தான் தமிழ்ச் செய்திகள் எளிதில் முறிகின்றன. அனுப்புநர் பிஜிபி/மைம் முறைக்கு மாறுவதே இதற்குத் தீர்வு.

இவ்வெச்சரிக்கை ஒரே அனுப்புநரிடமிருந்து வரும் எல்லா அஞ்சல்களிலும் தோன்றினால், வழியில் உள்ள வழங்கியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதுவரை சரியாக வந்துகொண்டிருந்தவரின் ஓர் அஞ்சலில் மட்டும் திடீரெனத் தோன்றினால் அதன் உள்ளடக்கத்தை நம்பிச் செயல்படக் கூடாது. எப்படியாயினும், முறிந்த கையொப்பம் உள்ள அஞ்சலைக் கையொப்பமே இல்லாத அஞ்சலாகக் கருதுவது பாதுகாப்பான வழி.

முகவரி பொருந்தவில்லை

சான்றிதழில் உள்ள மின்னஞ்சல் முகவரியும், அனுப்புநர் இடத்தில் காணப்படும் முகவரியும் வேறுபட்டால் இவ்வறிவிப்பு வரும். ஒருவர் அலுவலகச் சான்றிதழைக் கொண்டு தம் சொந்த முகவரியிலிருந்து அனுப்பினாலோ, திருமணத்தாலோ பணி மாற்றத்தாலோ முகவரி மாறிய பின்னும் பழைய சான்றிதழையே வைத்திருந்தாலோ இது நேரும். தம் சொந்தச் சான்றிதழால் கையொப்பமிட்டுவிட்டு, அனுப்புநர் பெயரை மட்டும் வேறொருவருடையதாகக் காட்டும் மோசடியிலும் இதே அறிவிப்புதான் வரும். ஆகவே சான்றிதழைத் திறந்து, அதில் யார் பெயர் உள்ளது என்று படிக்க வேண்டும்.

வழங்குநரை நம்ப முடியவில்லை

ஒவ்வொரு சான்றிதழும் அதற்கு மேலுள்ள இடைநிலை ஆணையத்தால் சான்றளிக்கப்படுகிறது. அவ்வாணையத்துக்கு அதற்கு மேலுள்ளது சான்றளிக்கிறது. இச்சங்கிலியின் உச்சியில் இருப்பது வேர்ச் சான்றிதழ். எந்தெந்த வேர்ச் சான்றிதழ்களை நம்பலாம் என்ற பட்டியல் கணினியில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். தண்டர்பேர்டு செயலி மொசில்லாவின் பட்டியலையும், விண்டோசு கணினியில் அவுட்லுக் மைக்ரோசாஃப்டின் பட்டியலையும் சார்ந்தவை. அதனால் ஒரே அஞ்சல் ஒரு செயலியில் சரியென்றும் மற்றொன்றில் தவறென்றும் காட்டப்படலாம்.

இவ்வெச்சரிக்கைக்கு மூன்று காரணங்கள் பொதுவானவை. அனுப்புநர் தமக்குத் தாமே சான்றளித்துக்கொண்டிருக்கலாம். அவருடைய அலுவலகத்தின் உள் ஆணையம் வழங்கியதாக இருக்கலாம். இடைநிலைச் சான்றிதழை அவருடைய செயலி உடன் அனுப்பாமல் விட்டிருக்கலாம். மூன்றாவது காரணமாயின் அனுப்புநர் தம் செயலியின் அமைப்பைத் திருத்தினால் போதும்.

"இந்த வேர்ச் சான்றிதழை நிறுவிக்கொண்டால் எச்சரிக்கை வராது" என்று மின்னஞ்சலிலேயே இணைப்பு வந்தால் அதை நிறுவக் கூடாது. ஒரு வேர்ச் சான்றிதழை நம்புவது ஒரு மனிதரை நம்புவது அன்று. அவ்வாணையம் இனி எவருக்கு வழங்கும் சான்றிதழையும் நம்புவதாகும். அலுவலகக் கணினிப் பிரிவு நேரில் கொடுத்தாலோ, ஆணையத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து பெற்று அதன் கைரேகை எண்ணை வேறு வழியில் ஒப்பிட்டுப் பார்த்தாலோ மட்டுமே நிறுவலாம்.

காலாவதி

சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. முடிவு நாள் கடந்த பிறகு கையொப்பமிட்ட அஞ்சல் என்றால், அனுப்புநர் புதுப்பிக்க மறந்திருக்கிறார். அன்று செல்லுபடியான சான்றிதழைக் கொண்டு அனுப்பப்பட்ட பழைய அஞ்சலை இன்று திறக்கும்போதும் சில செயலிகள் எச்சரிக்கை காட்டும். அது மோசடி அன்று. ஆயினும் அஞ்சலில் காணப்படும் கையொப்ப நேரம் அனுப்புநரின் கணினி எழுதியது என்பதையும், அது மூன்றாம் தரப்பு உறுதிசெய்த நேரம் அன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

"சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை" என்ற அறிவிப்பு வந்தால் முதலில் தம் கணினியின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பழைய கணினிகளில் தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது மின்னஞ்சல் மட்டுமல்லாமல் பாதுகாப்பான இணையதளங்களும் எச்சரிக்கை காட்டும்.

மீளப்பெறப்பட்ட சான்றிதழ்

தனித் திறவுகோல் களவு போனாலோ, பணியாளர் நிறுவனத்தை விட்டு விலகினாலோ சான்றிதழை அதன் காலம் முடியும் முன்பே ஆணையம் மீளப்பெறுகிறது. இச்செய்தி, மீளப்பெற்றவை பட்டியல் வழியாகவோ ஓசிஎஸ்பி எனும் உடனடி வினவல் வழியாகவோ செயலிக்குத் தெரிகிறது. "மீளப்பெறப்பட்டது" என்ற அறிவிப்பு கடுமையானது. அவ்வஞ்சலை நம்பக் கூடாது. "மீளப்பெறப்பட்டதா என்று பார்க்க இயலவில்லை" என்பது வேறு. இணைய இணைப்பு இல்லாதபோதோ அலுவலகத் தீச்சுவர் அவ்வினவலைத் தடுக்கும்போதோ இது வரும். இணைப்பு கிடைத்ததும் அஞ்சலை மீண்டும் திறந்து பார்த்தால் போதும்.

அஞ்சலைத் திறக்க முடியவில்லை

மறையாக்கப்பட்ட அஞ்சலுக்கு உரிய தனித் திறவுகோல் இக்கணினியில் இல்லை என்பதே இதன் பொருள். இது மற்றவற்றைப்போல வெறும் எச்சரிக்கை அன்று. பல வேளைகளில் நிலையான இழப்பு. கணினியைப் புதிதாக நிறுவும்போது திறவுகோலைப் படியெடுக்க மறப்பது, சான்றிதழைப் புதுப்பித்த பின் "பழையது இனி எதற்கு" என்று அழித்துவிடுவது ஆகியவை இதற்கு முதன்மைக் காரணங்கள். காலாவதியான சான்றிதழால் புதிய அஞ்சலுக்குக் கையொப்பமிடக் கூடாதே தவிர, அதன் தனித் திறவுகோல் அக்காலத்தில் வந்த அஞ்சல்களைத் திறக்க என்றும் தேவை. தனித் திறவுகோல் பயனரின் கணினியில் உருவாகியிருந்தால் ஆணையத்திடம் அதன் படி இராது. அது தரும் புதிய சான்றிதழ் வேறொரு திறவுகோலுக்கு உரியது. பழைய அஞ்சலைத் திறக்காது. நிறுவனம் திறவுகோல்களைக் காப்பகத்தில் வைத்திருந்தால் மட்டும் மீட்கலாம்.

எனவே சான்றிதழைப் பெற்ற அன்றே, அதைத் தனித் திறவுகோலுடன் கடவுச்சொல் இட்ட பி12 அல்லது பிஎஃப்எக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து, கணினிக்கு வெளியே இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். ஓபன்பிஜிபி பயனர்கள் தனித் திறவுகோலுடன் மீளப்பெறல் சான்றிதழையும் எடுத்துவைக்க வேண்டும்.

சில வேளைகளில் அனுப்புநர் நம் பழைய சான்றிதழைக் கொண்டு மறையாக்கியிருப்பார். அப்போது நாம் புதிய சான்றிதழால் கையொப்பமிட்ட வெற்று அஞ்சல் ஒன்றை அவருக்கு அனுப்பினால் போதும். பொதுவாகச் சான்றிதழும் அதனுடன் செல்வதால், அதைத் தம் தொடர்பு விவரத்தில் சேர்த்துக்கொண்டு அவர் மீண்டும் அனுப்பலாம். "பெறுநரின் சான்றிதழ் இல்லை, மறையாக்கி அனுப்ப இயலாது" என்ற அறிவிப்புக்கும் தீர்வு இதுவே.

சரிபார்க்கப்படாத திறவுகோல்

ஓபன்பிஜிபி பயனர்கள் அடிக்கடி காணும் அறிவிப்பு இது. கையொப்பம் கணக்கின்படி சரியாக உள்ளது. ஆனால் இத்திறவுகோல் அவருடையதுதான் என்று பயனர் இன்னும் உறுதிசெய்யவில்லை என்பது இதன் பொருள். எவரும் எவர் பெயரிலும் ஒரு திறவுகோலை உருவாக்கலாம் என்பதால் இவ்வறிவிப்பு பொருளற்றதன்று. அனுப்புநரைத் தொலைபேசியில் அழைத்து, திறவுகோலின் கைரேகை எண்ணை அவர் படிக்கக் கேட்டு ஒப்பிட வேண்டும். பரவலாக உள்ள நான்காம் பதிப்புத் திறவுகோல்களில் அது 40 பதினறும இலக்கங்களைக் கொண்டது. கடைசி 8 இலக்கங்களை மட்டும் ஒப்பிடுவது போதாது. அதே 8 இலக்கங்களில் முடியும் வேறு திறவுகோலை உருவாக்க இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

பழைய வழிமுறையும் தொலை உள்ளடக்கமும்

எம்டி5, ஷா-1 ஆகிய சுருக்கெண் வழிமுறைகளைப் பயன்படுத்திய கையொப்பங்களை இன்றைய செயலிகள் ஏற்பதில்லை அல்லது எச்சரிக்கின்றன. ஒரே ஷா-1 சுருக்கெண்ணைக் கொண்ட இரு வேறு கோப்புகளை ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும் 2017 பெப்ரவரியில் உருவாக்கிக் காட்டின. அனுப்புநர் ஷா-256 அல்லது அதற்கு மேற்பட்ட வழிமுறைக்கு மாற வேண்டும்.

மறையாக்கப்பட்ட அஞ்சலில் "தொலைவிலுள்ள படங்களைக் காட்டவா?" என்று கேட்டால் மறுப்பது நல்லது. 2018 மே மாதம் செருமனி, பெல்ஜிய ஆய்வாளர்கள் ஈஃபெயில் என்ற தாக்குதலை வெளியிட்டனர். வழியில் பிடித்துவைத்த மறையாக்கப்பட்ட அஞ்சலைச் சற்று மாற்றிப் பெறுநருக்கே அனுப்பினால், அவருடைய செயலி அதைத் திறந்து, படத்தைத் தேடும் முகவரியின் வழியே உள்ளடக்கத்தைத் தாக்குபவருக்கு அனுப்பிவிடும். இதன் பின்னர்ச் செயலிகள் திருத்தப்பட்டன. திருத்தப்படாத பழைய செயலியைப் பயன்படுத்துவோருக்கு இந்த இடர் இன்றும் உண்டு.

அறிமுகமற்ற இணைப்பு

எஸ்/மைம் வசதியில்லாத செயலியில் கையொப்பமிட்ட அஞ்சலைத் திறந்தால், எஸ்மைம்.பி7எஸ் என்ற சிறு இணைப்புக் கோப்பு காணப்படும். இது வைரஸ் அன்று. கையொப்பமே அக்கோப்பில் உள்ளது. அதைத் திறக்கத் தேவையில்லை. பி7எம் என்று முடியும் கோப்பாயின் செய்தி முழுவதும் அதனுள் உள்ளது. எஸ்/மைம் வசதியுள்ள செயலியில்தான் படிக்க முடியும்.

இந்தியாவில்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, எண்ணிமக் கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு வழங்குகிறது. சான்றளிக்கும் ஆணையங்களின் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் இந்திய வேர்ச் சான்றிதழை நடத்துகிறது. உரிமம் பெற்ற ஆணையங்கள் அதன்கீழ் இயங்குகின்றன. 2014 சூலையில் தேசியத் தகவலியல் மையத்தின் ஆணையத்திலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிப்பட்டன. இந்திய வேர்ச் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்ததால் விண்டோசு பயனர்களுக்கு இடர் நேர்ந்தது. அப்பட்டியலைச் சாராத ஃபயர்ஃபாக்ஸ் பாதிக்கப்படவில்லை. நம்பிக்கைப் பட்டியல்கள் ஏன் வேறுபடுகின்றன, அவ்வேறுபாடு ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதற்கு இது நல்ல சான்று.

மின்னாதார் பிடிஎஃப் கோப்பில் "செல்லுபடி அறியப்படவில்லை" என்று மஞ்சள் கேள்விக்குறி தோன்றுவதும் இதே வகைதான். கையொப்பம் தவறு என்று அது சொல்லவில்லை. வழங்குநரைத் தன் நம்பிக்கைப் பட்டியலில் காணவில்லை என்றே சொல்கிறது.

வரி, நிறுவனப் பதிவு, மின் ஒப்பந்தப்புள்ளி ஆகியவற்றுக்காக யுஎஸ்பி டோக்கனில் தரப்படும் டிஎஸ்சி சான்றிதழை மின்னஞ்சலுக்குப் பயன்படுத்த முயல்வோர், அதில் மின்னஞ்சல் முகவரியும் மின்னஞ்சலுக்கான பயன்பாடும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். கையொப்பத்துக்கு மட்டுமே வழங்கப்பட்ட சான்றிதழால் மறையாக்க இயலாது.

டோக்கனையும் அதன் கடவு எண்ணையும் கணக்காளரிடமே விட்டுவைப்பவர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. தனித் திறவுகோல் பிறர் கைக்குப் போனால் தாமதமின்றி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், தெரிவிக்கும் வரை பொறுப்பு உரியவரையே சாரும் என்றும் அச்சட்டத்தின் 42ஆம் பிரிவு கூறுகிறது. "நான் கையொப்பமிடவில்லை" என்ற சொல் அப்போது எளிதில் எடுபடாது.

ஆராயும் ஒழுங்கு

எச்சரிக்கை தோன்றினால் கீழ்வரும் ஒழுங்கில் பார்ப்பது நேரத்தைக் காக்கும்.

1. எச்சரிக்கையை மூடாமல் முழுவதும் படிக்கவும். கையொப்பக் குறியைச் சொடுக்கினால் விளக்கம் கிடைக்கும்.
2. கணினியின் தேதி, நேரம், இணைய இணைப்பு ஆகியவற்றைப் பார்க்கவும்.
3. சான்றிதழைத் திறந்து பெயர், முகவரி, வழங்குநர், முடிவு நாள் ஆகிய நான்கையும் படிக்கவும்.
4. அதே அனுப்புநரின் முந்தைய அஞ்சல்களோடு ஒப்பிடவும். சான்றிதழ் புதிதாக மாறியிருந்தால் காரணம் கேட்கவும்.
5. வேறு செயலியிலோ வேறு கணினியிலோ திறந்து பார்க்கவும். அங்கும் "மாற்றப்பட்டுள்ளது" என்று வந்தால் நம் கணினி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.
6. ஐயம் நீங்காவிட்டால் அனுப்புநரைத் தொலைபேசியில் கேட்கவும். அவ்வஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காமல், முன்பே நம்மிடமுள்ள எண்ணை அழைக்கவும். அதே அஞ்சலுக்கு மறுமொழி எழுதிக் கேட்பது பயனற்றது; மோசடியாயின் மறுமொழியும் மோசடிக்காரருக்கே செல்லும்.

வரம்புகள்

எச்சரிக்கை இல்லாமை நம்பிக்கைக்கு முழுச் சான்று அன்று. செல்லுபடியான கையொப்பம், குறிப்பிட்ட திறவுகோலை வைத்திருப்பவர் அனுப்பினார் என்பதையும் செய்தி மாறவில்லை என்பதையும் மட்டுமே காட்டுகிறது. எழுதியது உண்மையா என்று அது காட்டாது. ஓரெழுத்து மட்டும் வேறுபட்ட போலி முகவரிக்கும் முறையாகச் சான்றிதழ் பெற இயலும். அம்முகவரியிலிருந்து வரும் அஞ்சலில் எச்சரிக்கை எதுவும் தோன்றாது. அனுப்புநரின் கணினியையே ஒருவர் கைப்பற்றியிருந்தாலும் கையொப்பம் சரியாகவே இருக்கும். பொருள் வரியும் அனுப்புநர், பெறுநர் முகவரிகளும் பல செயலிகளில் மறையாக்கப்படுவதில்லை என்பதால், மறைவான செய்தியைப் பொருள் வரியில் எழுதக் கூடாது. "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் செலுத்துக" என்று வரும் அஞ்சலில் கையொப்பம் குறையின்றி இருந்தாலும், பணம் அனுப்பும் முன் தெரிந்த எண்ணில் அழைத்துக் கேட்பதே முறை.